பழைய பீர் பலகை வாங்கப் போகிறீர்களா? முதலில் எழுத்தைப் பாருங்கள்

நான் முதன்முதலில் வாங்கிய பழைய பீர் விளம்பரப் பலகை போலி. அதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, பீர் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் என் அம்மா. பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு கடையில் 280 வெள்ளி, அதாவது ரிங்கிட், கொடுத்து வாங்கி, பழைய செய்தித்தாளில் சுற்றி, சாமி சிலையைத் தூக்கி வருவதுபோல வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தேன். "ஐம்பதுகள்ல வந்தது, நாலு மொழியும் இருக்கு பாருங்க" என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அம்மா பக்கத்தில்கூட வரவில்லை. அடுப்படி வாசலில் நின்றபடியே ஒரு பார்வை பார்த்தார்.

"இது எப்படிடா ஐம்பதுல வந்துச்சு? நாங்க தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல படிக்கறப்போ 'விற்பனை'ங்கற சொல்லுக்கு இந்த 'னை' கிடையாது. யானைத் தும்பிக்கை மாதிரி சுழிச்சு எழுதணும். இல்லன்னா வாத்தியார் காதைத் திருகுவாரு."

அம்மா சொன்னது சரி. ணை, லை, ளை, னை ஆகியவற்றைத் தும்பிக்கை போட்டும், ணா, றா, னா ஆகியவற்றை ஒரே எழுத்தாகச் சுழித்தும் எழுதுவதுதான் பழைய வழக்கம். பெரியார் 1935-லேயே குடி அரசு இதழில் சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்தத் தொடங்கினார் என்றாலும், தமிழ்நாட்டு அரசு ஆணை வந்தது 1978-இல்தான். மலேசியாவும் சிங்கப்பூரும் அதற்குப் பிறகுதான் அதை ஏற்றன. அப்படியிருக்க, 1950களின் கடை விளம்பரப் பலகையில் இன்றைய 'னை' பளிச்சென்று நிற்கிறது என்றால் எழுதிய கை அண்மைக் காலத்துக் கை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி. படத்தைப் பார்ப்பதற்கு முன் எழுத்தைப் பார்க்க வேண்டும். புலிப் படம், பாட்டில் படம், சிரிக்கும் பெண் படம் எல்லாவற்றையும் கணினியில் எடுத்து அப்படியே அச்சடித்துவிடலாம். எழுத்தில்தான் ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள். அதிலும் நம் தமிழ் எழுத்தைச் சோதித்துப் பார்க்க இந்தச் சந்தையில் நம்மைத் தவிர ஆளில்லை. புதிதாகச் சேர்க்கத் தொடங்கும் தமிழர் ஒருவருக்கு இது சும்மா கிடைக்கும் ஆயுதம்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சோதனை ஒரு பக்கமாகத்தான் வேலை செய்யும். புது எழுத்து இருந்தால் பலகை பழையது இல்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். பழைய எழுத்து இருந்தால் பலகையும் பழையது என்று சொல்லிவிட முடியாது. நல்ல அசலைப் பார்த்து நகல் எடுத்தவன் தும்பிக்கையையும் சேர்த்தே நகல் எடுத்திருப்பான்.

மலாய் எழுத்திலும் இதே வேலையைச் செய்யலாம். 1972 ஆகஸ்டில் மலாய் மொழியின் எழுத்துக்கூட்டல் மாறியது. அதற்கு முன் 'சாப்' என்ற சொல்லை, அதாவது நாம் மார்க் என்கிறோமே அதை, ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில் எழுதும் மலாயில், சி, எச், ஏ, பி என்று நான்கு எழுத்தில் எழுதினார்கள். மாற்றத்துக்குப் பிறகு எச் போய்விட்டது. 1960களின் பலகை என்று சொல்லி மூன்றெழுத்து 'சாப்' இருந்தால் வந்த வழியே திரும்பிவிடலாம். விலை போட்டிருந்தால் அதையும் பாருங்கள். ரிங்கிட் என்ற பெயர் அதிகாரபூர்வமானது 1975-இல். அதற்குப் பிறகும் டாலர் குறிதான் பல ஆண்டுகள் ஓடியது. ஆர்எம் என்ற குறி 1990களில்தான் இடம் பிடித்தது. மலாயா என்று இருக்கிறதா, மலேசியா என்று இருக்கிறதா என்பது இன்னும் எளிது: 1963 செப்டம்பர் 16-க்கு முன் மலேசியா கிடையாது.

அடியில் இருக்கும் பொடி எழுத்து

பலகையின் கீழ் ஓரத்தில், திருகாணித் துளைக்குப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு வரி இருக்கும். அதில் கம்பெனிப் பெயர் இருக்கும். புதியவர்கள் பலரும் அதைப் படிப்பதே இல்லை. உண்மையில் காலம் சொல்வது அந்த வரிதான்.

டைகர் பீர் சந்தைக்கு வந்தது 1932-இல். பிரேசர் அண்ட் நீவ் நிறுவனமும் ஹைனகனும் சேர்ந்து தொடங்கிய மலாயன் புருவரீஸ் அதைக் காய்ச்சியது. அடுத்த ஆண்டே ஆங்கர் பீர் வந்தது, ஜெர்மன் முதலீட்டில் நடந்த ஆர்க்கிபெலகோ புருவரியிலிருந்து. போர்க்காலத்தில், 1941-இல், அது மலாயன் புருவரீஸ் கைக்குப் போனது. மலாயன் புருவரீஸ் என்ற பெயர் 1990-இல் ஏசியா பசிபிக் புருவரீஸ் ஆனது. அதனால் "1920களின் டைகர் பலகை" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். ஏசியா பசிபிக் பெயர் போட்ட "அறுபதுகளின் பலகை"யும் அப்படித்தான்.

கின்னஸ் நெடுங்காலம் கப்பலில் வந்து இறங்கிய சரக்கு. நாய்த் தலைப் படம் போட்ட பாட்டில் இங்கே அவ்வளவு புகழ்பெற்றிருந்ததால் சீனர்கள் அதைக் கறுப்பு நாய் பீர் என்றே அழைத்தார்கள். நம் தாத்தாமார்களும் கடையில் நாய் மார்க் என்றுதான் கேட்டு வாங்கினார்கள். சுங்கை வேயில் கின்னஸ் ஆலை வந்தது 1960களின் நடுவில். 1989-இல் கின்னஸ் ஆங்கர் பெர்ஹாட், 2016-இல் ஹைனகன் மலேசியா என்று பெயர் மாறியது. ஷா ஆலாமில் கார்ல்ஸ்பெர்க் காய்ச்சத் தொடங்கியது 1972-இல். இந்த ஏழெட்டு ஆண்டு எண்களைக் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொண்டால் போதும், சந்தையில் பாதிப் பொய்யை நின்ற இடத்திலேயே பிடித்துவிடலாம்.

வெளிநாட்டுப் பலகைகளும் இங்கே நிறைய வருகின்றன. பாஸ் பீரின் சிவப்பு முக்கோணம் பிரிட்டனில் பதிவான முதல் வணிகச் சின்னம், ஆண்டு 1876. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. "1925-இன் அமெரிக்க பீர் விளம்பரம்" என்று ஒன்றைக் காட்டினால், அந்த ஆண்டில் அங்கே பீர் விற்பதே குற்றம் என்பதை மரியாதையாக நினைவூட்டலாம்.

எனாமலா, தகரமா?

நாம் பொதுவாகத் தகர போர்டு என்று சொல்வதில் இரண்டு வேறு சாமான்கள் இருக்கின்றன. எனாமல் பலகை என்பது இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடிப் பொடியைப் பூசி, ஏறக்குறைய 800 டிகிரி சூட்டில் உருக்கி ஒட்டவைத்தது. வீட்டில் பாட்டி வைத்திருந்த பூப்போட்ட எனாமல் தட்டு இருக்கிறதே, அதே வேலைதான். ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகப் பூசிச் சுடுவார்கள். அதனால் ஒரு நிறம் முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தில் நகத்தை வைத்து இழுத்தால் சின்ன மேடு தட்டுப்படும். கையில் எடுத்தால் கனக்கும். மூலைகளிலும் துளைகளிலும் கண்ணாடிபோலச் சில்லு தெறித்து, உள்ளே கறுத்த இரும்பு தெரியும்.

தகரப் பலகை வேறு. மெல்லிய எஃகுத் தகட்டின் மேல் ஈயம், அதாவது வெள்ளீயம், முலாம் பூசியிருப்பார்கள். அதன் மேல் அச்சிட்டது. கல் அச்சு நேரடியாகத் தகரத்தில் சரியாகப் படியாததால் இடையில் ஓர் உருளையை வைத்து அச்சிடும் முறைக்கு 1875-இல் இங்கிலாந்தில் ராபர்ட் பார்க்லே காப்புரிமை எடுத்தார். அப்புறம்தான் தகரத்தில் பல நிறப் படங்கள் பெருகின. இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தக் காலத்தில் உலகத்துக்கு ஈயம் கொடுத்த முக்கியமான இடங்களில் ஒன்று பேராவின் கிந்தா பள்ளத்தாக்கு. பினாங்கில் டத்தோ கிராமட்டிலும் பட்டர்வொர்த்திலும் அதை உருக்கிக் கட்டியாக்கிக் கப்பல் ஏற்றினார்கள். எங்கோ லண்டனில் அச்சடித்த பலகையின் முலாம் பேராவில் தோண்டிய ஈயமாகவே இருக்கலாம். இதை நினைத்தாலே எனக்கு அந்தத் தகரத்தின் மேல் ஒரு பாசம் வந்துவிடுகிறது.

காகிதச் சுவரொட்டி நம் மழைக்கும் புழுக்கத்துக்கும் ஒரு மாதம் தாங்காது. அதனால்தான் பீர் கம்பெனிகள் காப்பிக்கடைகளுக்கும் மளிகைக் கடைகளுக்கும் உலோகப் பலகைகளைக் கொடுத்தன. கடை மூடிய பிறகும் அவை வீணாகவில்லை. நிபோங் திபாலில் ஒரு வீட்டுக் கோழிக்கூண்டின் கூரையாக ஒரு ஆங்கர் பலகையை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கார அண்ணனிடம் கேட்டதற்கு, "வேற தகரம் கொண்டு வந்து போட்டுட்டு இதை எடுத்துக்கோ" என்றார். அடுத்த வாரம் ஒரு ஜிங்கு ஷீட்டோடு, அதாவது கூரைத் தகரத்தோடு, போய் நின்றேன். என்னிடம் இருப்பதில் மலிவானதும் அதுதான், சந்தேகமே இல்லாத அசலும் அதுதான்.

சந்தைக்குப் போகும்போது

தொடங்குபவர்கள் முதலில் ஜார்ஜ் டவுனின் லோரோங் கூலிட் சந்தைக்குப் போங்கள், சிட்டி ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில். காலைச் சந்தை. வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். நண்பகல் நெருங்கும்போது பாதிக் கடை மூட்டை கட்டியிருக்கும். முதல் இரண்டு முறை எதுவும் வாங்காமல் சுற்றி மட்டும் வாருங்கள். ஒரே மாதிரிப் பலகை நான்கு கடையில் தொங்கினால் அது எங்கிருந்து வந்தது என்று தானாகப் புரியும். அர்மேனியன் தெருப் பக்கம் இருக்கும் பழம்பொருள் கடைகளில் நல்ல சரக்கும் உண்டு, சுற்றுலாப் பயணிகளுக்கான விலையும் உண்டு. 2008-இல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு பழைய கடைவீடுகள் வரிசையாகக் காப்பிக்கடைகளாக மாறின. எல்லாருக்கும் சுவரில் மாட்ட ஒரு பழைய பலகை தேவைப்பட்டது. அசல் அவ்வளவு கிடைக்குமா? போலி பெருகியது அப்படித்தான். கோலாலம்பூர்ப் பக்கம் போனால் பெட்டாலிங் ஜெயாவில் அம்கார்ப் மாலின் வார இறுதிச் சந்தையைப் பார்க்கலாம்.

பையில் என்ன இருக்க வேண்டும்? ஒரு சின்ன பூதக்கண்ணாடி, பத்து மடங்கு காட்டுவது. கைப்பேசியில் டார்ச் இருக்கிறது. ஒரு காந்தம். தடித்த கையுறை ஒரு ஜோடி, ஏனென்றால் துருப்பிடித்த ஓரம் கையைக் கிழித்தால் ஊசி போட கிளினிக் ஓட வேண்டும். பலகையைச் சுற்ற ஒரு பழைய போர்வை.

காந்தத்தை வைத்து அதிகம் எதிர்பார்க்காதீர்கள். ஒட்டவில்லை என்றால் அலுமினியம், விட்டுவிடலாம். ஒட்டினாலும் அது இரும்பு என்பது மட்டும்தான் தெரியும், போலியும் இரும்புதான். பூதக்கண்ணாடிதான் உண்மையான துணை. பொடி எழுத்தின் ஓரத்தில் வைத்துப் பாருங்கள். அசல் அச்சில் ஒரே நிறத்தில் இருக்கும் எழுத்து திட்டமாக, ஓரம் கூர்மையாக இருக்கும். அசலைப் படம் பிடித்து மறுபடி அச்சடித்ததில் அதே எழுத்து நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கும், கோலத்துக்குப் புள்ளி வைத்ததுபோல. படத்தில் புள்ளி இருப்பது குற்றமில்லை, பழைய அச்சிலும் படங்களுக்குப் புள்ளி உண்டு. எழுத்தில் இருக்கக் கூடாது.

அடுத்தது துரு. துரு என்பது தண்ணீர் போன பாதை. கீழ் ஓரம், துளைகள், வளைந்த இடம் என்று தண்ணீர் தங்கும் இடத்தில்தான் முதலில் பிடிக்கும். பலகையின் நடுவில் அழகாக, படத்தின் முகத்தை மட்டும் தொடாமல் துரு பரவியிருந்தால் அது மனிதன் வைத்த துரு. சிலவற்றில் துருவையே அச்சடித்திருப்பார்கள். நகத்தால் தடவினால் வழவழவென்று இருக்கும், சிரிப்பு வந்துவிடும். ஆசிட் ஊற்றி வரவழைத்த துரு எல்லா இடத்திலும் ஒரே ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், விரலில் பொடியாக ஒட்டும். திருகாணித் துளைகளையும் பாருங்கள். வருடக்கணக்கில் சுவரில் தொங்கியிருந்தால் துளையைச் சுற்றித் திருகாணித் தலை அழுத்திய வட்டம் இருக்க வேண்டும். என் போலியில் துளைகள் நேற்றுப் போட்டதுபோலச் சுத்தமாக இருந்தன. அன்றைக்கு அதெல்லாம் எனக்கு எங்கே தெரிந்தது?

20-க்கு 30 செண்டிமீட்டர் அளவில், மூலை வட்டமாக, லேசாக வளைகிற தகரம் என்றால் அது பெரும்பாலும் அலங்காரத்துக்கென்றே புதிதாகச் செய்தது. அதை வாங்குவதில் தப்பில்லை. அழகுக்காக மாட்டுகிறேன் என்பவருக்கு அதுவே போதும். பழையது என்று நம்பிப் பழைய விலை கொடுப்பதுதான் நஷ்டம்.

பேரம் பேசும்போது பலகையின் குறையை ஏலம் போடாதீர்கள். "துரு பிடிச்சிருக்கே, கீறியிருக்கே" என்று அடுக்கினால் தவுக்கேக்கு, அதாவது கடை முதலாளிக்கு, கோபம்தான் வரும். சும்மா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அங்கிள், பாலிங் மூரா பெராப்பா?", அதாவது கடைசி விலை எவ்வளவு, என்று மலாயில் கேளுங்கள். ஒரு விலை வரும். கொஞ்ச நேரம் பேசாமல் நில்லுங்கள். இன்னொரு விலை வரும். எங்கிருந்து கிடைத்தது என்று கேட்கவும் மறக்காதீர்கள். உண்மையான பலகைக்குப் பெரும்பாலும் ஒரு கதை இருக்கும்: இடித்த கடை, செத்துப்போன மாமனார், மூடிய தோட்டத்து மளிகை. அந்தக் கதையையும் தேதியையும் விலையையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாளைக்கு விற்க நேர்ந்தால் உதவும்.

பெரிய பலகைக்குப் பணம் சேரும்வரை பீர் பரிமாறும் தகரத் தட்டுகளில் தொடங்கலாம். அதே அச்சு, அதே கம்பெனிப் பெயர், இடத்தையும் அடைக்காது.

வீட்டுக்கு வந்தபின்

பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை எடுத்து ஒளித்து வையுங்கள். இதைச் சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது. நல்ல தகரத் தட்டு ஒன்றை என் கையாலேயே தேய்த்து, பெண்ணின் முகத்தில் பாதியை அழித்திருக்கிறேன். அச்சு மை ஒரு மெல்லிய தோல். துருவோடு அதுவும் போய்விடும்.

முதலில் மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, ஒரு மூலையில் மட்டும் துடைத்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் அதோடு நிறுத்திவிட வேண்டும். ஏறவில்லை என்றால் சின்னச் சின்னக் கட்டமாகத் துடைத்து, உடனுக்குடன் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். தண்ணீரில் ஊறப்போடவே கூடாது. மடிந்த ஓரங்களுக்குள் ஈரம் தங்கும், அதற்கு ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் காட்டலாம். எனாமல் இன்னும் தைரியமாகத் துடைக்கலாம், ஆனால் சில்லு போன இடத்தில் கவனம். அங்கே துரு கண்ணாடிப் பூச்சுக்கு அடியில் போய் இன்னும் பெயர்க்கும். உலர்ந்த பிறகு மெழுகு. அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் மைக்ரோ கிரிஸ்டலைன் மெழுகு நல்லது. கிடைக்காவிட்டால் தேய்ப்புப் பொடி கலக்காத கார் மெழுகு. மெல்லிசாகப் பூசி, துணியால் மினுக்கிவிடுங்கள். பினாங்கில் கடல் காற்று உப்பைச் சுமந்து வருகிறது, அதனால் நான் ஆண்டுக்கு இரண்டு முறை பூசுகிறேன்.

வார்னிஷ் ஸ்பிரே வேண்டாம். சில வருடத்தில் மஞ்சளாகும், எடுக்கவும் முடியாது. நிறம் போன இடத்தில் புது பெயின்ட் அடிப்பதும் வேண்டாம், விலை அங்கேயே விழுந்துவிடும். பழைய பூச்சுகளில் ஈயநஞ்சு, அதாவது காரீயம், இருக்கக்கூடும். உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்துப் பொடியாக்கினால் அந்தப் பொடி குழந்தைகள் மூச்சில் போகும்.

எங்கே மாட்டுவது?

பழைய கடைவீட்டுச் சுண்ணாம்புச் சுவர் என்றால் நேராகச் சுவரில் ஒட்டி மாட்டாதீர்கள். அந்தச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், உப்பும் பூக்கும். பின்பக்கம் சத்தமில்லாமல் துருப்பிடிக்கும். இரண்டு மரச்சட்டம் அடித்து, அதன் மேல் மாட்டினால் இடையில் காற்று ஓடும். புதிதாகத் துளை போட வேண்டாம், இருக்கும் துளையே போதும். திருகாணித் தலைக்கு அடியில் ரப்பர் வாஷர் வையுங்கள். எனாமலை அதிகமாக முறுக்கினால் துளையைச் சுற்றி விரிசல் விடும், 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். வெயில் நேரடியாக விழும் சுவரும் வேண்டாம், சிவப்பு முதலில் வெளுக்கும். அடுப்படி எண்ணெய்ப் புகையும் ஆகாது.

அழகு என்று பார்த்தால், ஒரு சுவருக்கு ஒரு பலகை. பத்தைச் சேர்த்து மாட்டினால் வீடு பீர் கடையாகிவிடும். வெள்ளைச் சுவரில் ஒற்றை நீல எனாமல், நின்றால் கண் மட்டத்தில், பக்கத்தில் ஒரு பழைய மர நாற்காலி. அது போதும். நான்கு மொழியில் எழுதிய பலகை என்றால் இன்னும் விசேஷம். நாங்களும் இந்தத் தெருவில் வாடிக்கையாளர்களாக இருந்தோம் என்று தமிழ் வரி சொல்லிக்கொண்டு நிற்கும். வீட்டுக்கு வரும் வயதானவர்கள் முதலில் அந்த வரியைத்தான் படிக்கிறார்கள், சத்தமாக.

நம் வீடுகளில் இன்னொரு கணக்கும் உண்டு. குடியால் கெட்ட குடும்பங்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். பீர் விளம்பரத்தைக் கூடத்தில் மாட்டினால் பெரியவர்கள் முகம் மாறுவது நியாயம்தான். கேட்காமல் மாட்டாதீர்கள். எங்கள் வீட்டில் கோழிக்கூண்டிலிருந்து வந்த ஆங்கர் பலகைக்கு மாடிப்படித் திருப்பம் கிடைத்தது. டைகர் பலகையைக் கூடத்தில் மாட்ட, "புலி துர்க்கையம்மன் வாகனம்தானே" என்று அம்மாவிடம் வாதாடிப் பார்த்தேன். சாமி மேடையிலிருந்து பார்த்தால் தெரியாத சுவர் எது என்று அவரே தேடி, ஷூ ரேக்குக்கு மேலே இடம் காட்டினார். அந்த 280 வெள்ளிப் போலி மட்டும் பின்கட்டில், வாஷிங் மெஷின் குழாயை மறைத்துக்கொண்டு நிற்கிறது.